பின் சீட்டில் கமாவும் புள்ளியும்

எங்கள் மின்சார அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'யூனிட்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. ஒல்லியான ஆள், கழுத்து மட்டும் கொஞ்சம் நீளம். உயரத்தில் மாட்டிய மீட்டரை எட்டி எட்டிப் பார்த்தே கழுத்து அப்படி வளர்ந்துவிட்டது என்று கிண்டல் செய்வோம். நான் கவுண்டரில் பில் போடுகிறவன். அவர் கொண்டுவருகிற எண்களும், கூடவே கொண்டுவருகிற கதைகளும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும்.

அதில் பாதி நாய்க்கதை. மீட்டர் பார்க்கிறவனை மின்சாரம் ஒன்றும் செய்யாது, நாய்தான் செய்யும் என்பார். எந்த வீட்டு நாய் குரைத்துவிட்டுப் போய்விடும், எது குரைக்காமல் பின்னால் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முழங்காலுக்குக் கீழே தையல் போட்ட தழும்புகள் உண்டு, கேட்டால் பேன்ட்டைத் தூக்கிக் காட்டி, "இது பேக்கரிக்காரர் வீட்டு நாய். இது டாக்டர் வீட்டு நாய். கடிச்சது அவர் நாய், தையல் போட்டது அவர்" என்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கே ஒரு நாள் நாய் வந்து சேர்ந்தது. அவருடைய ஒரே மகள், புத்தகங்கள் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிறவள், லாரிக்கு அடியில் கால் நசுங்கிக் கிடந்த நாய் ஒன்றைத் தூக்கி வந்துவிட்டாள். பழுப்பு நிறம், நல்ல பெரிய உடம்பு, வால் மட்டும் சுருண்டு வளைந்திருக்கும். அதனால் 'கமா' என்று பெயர் வைத்தாள். அன்று சாயங்காலம் யூனிட் வேலை முடிந்து வந்தவர், உள்ளே நாய் இருக்கிறது என்று தெரிந்ததும் தன் வீட்டுக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு மணி அடித்திருக்கிறார். மனைவி வந்து, "உங்க வீட்டுக்கு நீங்களே மீட்டர் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டாராம்.

மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். அந்த வேனில் கத்தாத பிள்ளை கிடையாது, அந்தம்மாவுக்கு அடங்காத பிள்ளையும் கிடையாது. நாய் விஷயத்திலும் அவர் தீர்ப்புதான் நின்றது. கமா தங்கியது. அதற்குத் துணையாக அடுத்த வருடம் இன்னொன்றும் வந்தது. வெள்ளை உடம்பில் முதுகில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. அதன் பெயர் 'புள்ளி'. உருவம் சின்னது, வாய் பெரியது.

பிறகு மகளுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. இங்கிருந்து இரண்டு நாள் பயணம். நாய்க்கு இடம் தருகிற வாடகை வீடு கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவரை கவனித்துக்கொள்ள யூனிட்டைத் தவிர யார் இருக்கிறார்கள்? மனைவி விடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நாயைக் கண்டு நடுங்குகிறவர் கையில் இரண்டு கயிறு. தெருவே வேடிக்கை பார்த்தது.

முதலில் பயந்து பயந்துதான் நடந்தார். ஆனால் அவர் பயத்தைவிட அவருடைய ஆராய்ச்சிப் புத்தி பெரியது. கொஞ்ச நாளில் என் மேஜைக்கு வேறு மாதிரிக் கதைகள் வரத் தொடங்கின. "இந்தக் கமா இருக்கே, மிக்ஸி போட்டா கண்டுக்கிறதே இல்ல. குக்கர் விசில் அடிச்சா காதைக்கூட ஆட்டாது. ஆனா தெருக்கோடியில ஒரு லாரி சும்மா நின்னு என்ஜின் ஓடிட்டு இருந்தா போதும், நமக்கே சரியாக் கேக்காது, இது பாய்ஞ்சு கட்டில்மேல ஏறிடுது. ஏன்?"

"லாரியில அடிபட்ட நாய். பயப்படாம என்ன செய்யும்?" என்றேன்.

"அது சரி. ஆனா ஏன் கட்டில்மேல ஏறுது? பயந்தா கட்டிலுக்கு அடியிலதானே போகணும்?"

நான் அடுத்த பில்லை எடுத்தேன். அந்தக் கேள்வியை நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை.

ஒருவழியாக மகளுக்கு வீடு கிடைத்தது. தரைத்தளம், பின்னால் கொஞ்சம் மண்தரை, நாய்க்குத் தடையில்லை. இப்போது எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் பிரச்சினை. டாக்ஸிக்காரர் ஒருவரை வரவழைத்துப் பார்த்தார்கள். வண்டி தெருவில் திரும்பும்போதே கமாவின் கால்கள் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்துவிட்டன. தூக்கி உள்ளே வைத்ததும் வாந்தி. டாக்ஸிக்காரர் சீட்டைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, தப்பா நினைக்காதீங்க" என்று போய்விட்டார். ரயிலில் கூண்டில் அனுப்ப மனைவிக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் மனைவியின் தம்பி புதிதாக வாங்கிய எலக்ட்ரிக் காரைக் காட்ட வந்தார். வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதே யாருக்கும் தெரியவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு அவர் அக்காவிடம் வண்டியின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருக்க, யூனிட் திரும்பிப் பார்த்தால் பின் சீட்டில் கமா உட்கார்ந்திருக்கிறது. அதுவாக ஏறியிருக்கிறது. புள்ளி கீழே நின்று, தன்னையும் தூக்கிவிடச் சொல்லிக் குரைத்துக்கொண்டிருக்கிறது.

"தம்பி, வண்டி ஆஃப்ல இருக்கா?" என்றார் யூனிட்.

"இல்ல மாமா, ஆன்லதான் இருக்கு. ஏ.சி. ஓடுது."

யூனிட் கமாவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஒரு வாரத்துக்கு இந்த வண்டியக் குடுப்பியா?" என்று கேட்டார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா, "குடுப்பான்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

வண்டி ஓட்டியது மனைவி. பக்கத்தில் யூனிட். பின் சீட்டில் பழைய போர்வை விரித்து நாய்கள் இரண்டும். காலை வெயில் ஏறும் முன்பே கிளம்பிவிட்டார்கள். முன்னால் இருந்த திரையில் பேட்டரி எத்தனை சதவீதம் என்று தெரிந்துகொண்டே இருந்ததால் யூனிட்டுக்கு அது ஒரு புது மீட்டர். "மேட்டுல ஏறினதுல ரெண்டு போச்சு. இறக்கத்துல ஒண்ணு திரும்ப வந்துடுச்சு பாரேன், இப்படி ஒரு மீட்டரை நான் எங்கயும் பார்த்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஏங்க, ரோட்டைப் பாருங்க. நம்பரை நான் பார்த்துக்கறேன்."

"ரோட்டை நீதானே பார்க்கணும்?"

"அப்ப நாயைப் பாருங்க."

பார்த்தார். பார்க்கப் பார்க்கப் புதிதாக இருந்தது. புள்ளி ஜன்னலில் தெரிகிற ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகத் திட்டியது. கமா முன்கால்களை நீட்டி, தலையை அதன்மேல் வைத்துத் தூங்கியது. காரில் தூங்குகிறது! வாந்தி இல்லை, நடுக்கம் இல்லை. சார்ஜ் போட நிற்கிற இடங்களில் நாய்களுக்கும் கால் நீட்ட நேரம் கிடைத்தது. இரண்டு தேவையும் ஒரே நேரத்தில் வந்தது அவருக்குப் பெரிய ஆச்சரியம். சார்ஜ் போட வந்த மற்றவர்கள் எல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒவ்வொரு வண்டிப் பக்கமாகப் போய், "உங்களுக்கு ஏ.சி. போட்டா எவ்வளவு குறையுது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் மதியம்தான் சோதனை வந்தது. நம்பிப் போன சார்ஜ் நிலையத்தில் இயந்திரம் வேலை செய்யவில்லை. திரை இருண்டு கிடந்தது. அடுத்த நிலையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. வண்டியில் இருந்த சார்ஜுக்கு, ஏ.சி.யை நிறுத்தினால் ஒருவேளை போய்ச் சேரலாம். நிறுத்திப் பார்த்தார்கள். வெளியே அனல். பத்து நிமிடத்தில் கமாவின் நாக்கு தொங்கிவிட்டது, புள்ளி மாடுகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டது.

மனைவி கை நீட்டி ஏ.சி.யைப் போட்டார். "பிள்ளைங்கள வெயில்ல வேக வெச்சுட்டு நான் வண்டி ஓட்ட மாட்டேன். எங்கயாவது கரண்ட் இருக்கிற இடமாப் பாருங்க. உங்க வேலைதானே அது?"

வேலைதான். ரோட்டோரம் போகிற கம்பிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பெரிய இணைப்பு ஒன்று பிரிந்து வயல் பக்கம் போனது. இவ்வளவு கனமான கம்பி ஒரு சாதாரண வீட்டுக்குப் போகாது. "இதுல திருப்பு" என்றார்.

கம்பி போய்ச் சேர்ந்த இடம் ஒரு காளான் பண்ணை. ஜன்னல் இல்லாத நீளமான கொட்டகைகள். ஒரு மூலையில் வைக்கோல் மலை. கேட்டில் ஒரு நாய், கட்டிப்போடாமல். காதுகள் விறைத்து, குரைக்காமல் நின்றது. குரைக்காத நாயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பது அவருடைய முழங்காலுக்குத் தெரியும்.

"நீ வண்டியிலயே இரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். கண்ணைப் பார்க்கவில்லை. கையை வீசவில்லை. கேட்டருகே பக்கவாட்டில் நின்றார். நாய் கேட்டுக் கம்பி வழியாக மூக்கை நீட்டி அவருடைய பேன்ட்டை முகர்ந்தது. கீழிருந்து மேலே ஒரு முறை, மேலிருந்து கீழே ஒரு முறை. நிதானமாக, செய்தித்தாள் படிக்கிற மாதிரி. அப்புறம் வாலை ஒரே ஒரு தரம் ஆட்டிவிட்டு நகர்ந்து நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

உள்ளேயிருந்து வந்த பண்ணைக்காரம்மா திகைத்துப் போனார். கையில் உறை, தலையில் துணித் தொப்பி. "அண்ணே, அது யாரையும் பக்கத்துல விடாதே! என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. எங்க வீட்டு நாய் ரெண்டும் என் பேன்ட்டுலதான் படுத்துத் தூங்குங்க. அதுங்க ஏதோ சிபாரிசு எழுதி வெச்சிருக்கு போல."

பண்ணைக்காரம்மா சிரித்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கொட்டகைச் சுவரில் இருந்த பெரிய பிளக் பாயின்ட்டைக் காட்டினார். காரோடு வந்த ஒயரை மாட்டினார்கள். மெதுவாகத்தான் ஏறும், சாயங்காலம் வரைக்கும் இருந்தால் அடுத்த நிலையத்துக்குப் போதும். காளான் வளர்கிற அறைகளுக்குள் நாயை விடக் கூடாது என்பதால் கமாவையும் புள்ளியையும் வெளியே தண்ணீர்க் குழாயருகே நிழலில் கட்டினார்கள். மனைவி டீ குடிக்க உட்கார, யூனிட் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். காளானுக்கு ஏன் வெளிச்சம் வேண்டாம்? மூச்சு விடுமா? வைக்கோலை எதற்கு வேக வைக்கிறீர்கள்?

"அக்கா, இவரு எப்பவும் இப்படித்தானா?" என்று பண்ணைக்காரம்மா கேட்டார்.

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி" என்றார் மனைவி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. காளான் அறைகள் சூடாகக் கூடாது; அதனால் கொட்டகைக்குப் பின்னாலிருந்த டீசல் ஜெனரேட்டர் தானாகவே உறுமிக்கொண்டு கிளம்பியது. புள்ளி அதைத் திட்டத் தொடங்கியது. கமா ஒரே உதறல். கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்று குழாயில் தொங்கியது. நாயைக் காணோம்.

மனைவி "கமா! கமா!" என்று கத்திக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார். பண்ணைக்காரம்மா வயல் பக்கம் ஓடினார். யூனிட்டும் இரண்டு அடி ஓடினார். பிறகு நின்றார். நாய் கட்டப்பட்டிருந்த சிமென்ட் தரைக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார்.

மனைவி திரும்பிப் பார்த்துக் கொதித்துப் போனார். "நாய் ஓடிடுச்சுங்க! நீங்க என்னன்னா செருப்பைக் கழட்டிட்டு நிக்கிறீங்க! சாமி கும்பிடறீங்களா?"

"ஒரு நிமிஷம் இரும்மா. தரை அதிருது."

உண்மையில் அதிர்ந்தது. செருப்பு போட்டிருந்தபோது காதுக்கு மட்டும் கேட்ட ஜெனரேட்டர், வெறுங்காலில் குதிகாலிலிருந்து முழங்கால் வரைக்கும் எறும்பு ஊர்வது போல ஏறியது. மனிதனுக்கே இப்படி இருந்தால், நாலு காலிலும் செருப்பில்லாத, ஒரு கால் நசுங்கி ஒட்டவைத்த நாய்க்கு எப்படி இருக்கும்? கட்டிலுக்கு அடியில் போகாமல் மெத்தைமேல் ஏறியது ஏன் என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. அது சத்தத்துக்குப் பயந்து ஒளியவில்லை. தரையை விட்டு மேலே போகப் பார்த்தது.

இந்த இடத்தில் மெத்தை மாதிரி என்ன இருக்கிறது? கண்ணெதிரே வைக்கோல் மலை.

வெறுங்காலோடு அங்கே ஓடினார். பின்பக்கம் பாதி உயரத்தில், வைக்கோலைப் பறித்து உள்ளே புதைந்து கிடந்தது கமா. கண் இரண்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் ஏறப் போனதும் உதடு மேலே சுருண்டு பல் தெரிந்தது. உள்ளுக்குள்ளிருந்து ஒரு உறுமல்.

பயந்த நாய்தான் கடிக்கும். ஊரில் அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இறங்கி வந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதாக என்னிடம் மறைக்காமல் சொன்னார். ஆனால் இறங்கவில்லை. வைக்கோலில் கையூன்றி ஏறி, அதற்கு ஒரு கை தூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மூன்று வருடமாகத் தன் வீட்டில் இருக்கிற நாய்க்குத் தன் பிடரியைக் காட்டிக்கொண்டு உட்காருவதற்கு அவருக்கு இருந்த தைரியம் அத்தனையும் தேவைப்பட்டது.

சும்மா பேசினார். "பாரு, இங்க ஒண்ணும் அதிரல. நீ கெட்டிக்காரிதான். நான்தான் புரிஞ்சுக்க இத்தனை நாளாச்சு." உறுமல் நிற்கவில்லை. "காளான் மூச்சு விடுமாம், தெரியுமா உனக்கு? அந்தம்மா சொன்னாங்க." இதற்கு உறுமல் கொஞ்சம் குறைந்தது. அந்தப் பக்கம் பண்ணைக்காரம்மாவுக்கு மனைவி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஜெனரேட்டர் சட்டென்று நின்றது. "காளான் அரை மணி நேரம் தாங்கும், அவசரப்படாதீங்க!" என்று குரல் வந்தது. திடீரென்று ஊரே அமைதி.

முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது. அவர் திரும்பவில்லை. பாரம் நடுங்கிக்கொண்டிருந்தது, அந்த நடுக்கம் அவர் விலா எலும்புக்குள் வரை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்து, கடைசியில் மூச்சு மட்டும் மேலும் கீழுமாகத் தெரிந்தது. பிறகு தோளில் ஈரமாக ஒரு தாடை வந்து அமர்ந்தது. "சட்டை நாறிப் போச்சு. ஆனா அந்த மாதிரி ஒரு கனத்தை நான் தாங்கினதே இல்ல சார்" என்றார் என்னிடம். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச அவருக்குக் கூச்சம்.

கமாவைத் தூக்க மனைவியும் வந்து கைகொடுத்தார். காருக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அப்போது யூனிட் பண்ணைக்காரம்மாவிடம், "அம்மா, இப்ப ஜெனரேட்டரப் போடுங்க" என்றார்.

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?" என்றார் மனைவி.

"காளானும் உயிர்தானே, வாடிடும்ல. அதோட நானும் ஒண்ணு பார்க்கணும்."

பண்ணைக்காரம்மாவுக்கும் இதற்குள் ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஜெனரேட்டர் ஓடியது. மூன்று பேரும் கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். கமா காதைத் தூக்கியது. சத்தம் வந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டுவிட்டுத் தலையைக் கால்மேல் வைத்துக்கொண்டது. டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் மேலே மிதக்கிற சீட்டில் தரையின் நடுக்கம் ஏறவில்லை. அடியில் என்ஜின் என்று ஒன்றும் இல்லவே இல்லை. இதுதான் முழு விடையா என்று அவருக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஒரு கால்நடை மருத்துவரைக் கேட்டபோது, இருக்கலாம் என்றாராம். யூனிட்டுக்கு அந்த 'இருக்கலாம்' போதவில்லை.

கரண்ட் வந்து, சார்ஜ் ஏறி, வெயில் தாழ்ந்தபோது கிளம்பினார்கள். பண்ணைக்காரம்மா ஒரு பெட்டி நிறையக் காளான் கொடுத்தார். கேட்டில் நின்ற நாய் எழுந்து வந்து வழியனுப்பியது. புள்ளி அதையும் திட்டிவிட்டுத்தான் வந்தது.

அடுத்த நிலையத்திலும் சார்ஜ் போட்டுவிட்டு, நன்றாக இருட்டிய பிறகுதான் மகள் வீடு. தெருமுனையிலேயே நின்றிருந்தாள். கதவைத் திறந்ததும் இரண்டு நாய்களும் அவள்மேல் பாய்ந்த வேகத்தில் அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. யூனிட் காளான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கமா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு லேசாக வருத்தம்தான். 'அடிப்பாவி, உனக்காக நான் வைக்கோல்ல ஏறினேனே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"அப்பா, நீங்க நாயத் தொடறீங்க!" என்றாள் மகள் அடுத்த நாள் காலையில். அவர் கமாவின் நொண்டிக் காலை மடியில் வைத்துப் பாதத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடல. பரிசோதனை பண்றேன்."

படுக்கை எங்கே போட வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார். வீடு முழுக்க வெறுங்காலோடு நடந்து, பேருந்து போகும்போது எந்த அறைத் தரை அதிராமல் இருக்கிறது என்று பார்த்து, பின்பக்க அறை மூலையைக் காட்டினார். கமா அந்த மூலையை முகர்ந்து பார்த்துவிட்டு மகளின் கட்டில்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

இரண்டு நாள் தங்கிவிட்டு, நாய்களை அங்கேயே விட்டுத் திரும்பினார்கள். பின் சீட்டில் போர்வை மட்டும் இருந்தது, நிறைய முடியோடு. கார் ஓடுவதே தெரியவில்லை. யூனிட் திரையைக்கூடப் பார்க்கவில்லை. திடீரென்று, தான் இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"ஏம்மா, தினமும் வேன் ஓட்டறியே. ஓட்டும்போது என்ன நெனப்ப?"

மனைவி சாலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "ஒண்ணும் நெனக்க மாட்டேன். கேட்டுட்டே இருப்பேன். பின்னால பிள்ளைங்க கத்திட்டு இருந்தா எனக்கு நிம்மதி. சத்தம் நின்னுச்சுன்னாதான் பயம். எவனாவது ஜன்னல்ல தலைய விட்டிருப்பான், இல்ல எதையாவது முழுங்கியிருப்பான். கண்ணாடியில உடனே பார்ப்பேன்." கண்ணாடியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இப்பவும் பார்த்துட்டேதான் வரேன். பின்னால யாரும் இல்லன்னு தெரியும். இருந்தாலும் பார்க்கறேன்" என்றார்.

"இருபது வருஷமா இது எனக்குத் தெரியாதே."

"நீங்க கேட்டாத்தானே?"

யூனிட் சீட்டில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "அப்ப நான் பேசிட்டே வரேன். உனக்கும் நிம்மதியா இருக்கும்."

"ஐயையோ" என்றார் மனைவி. ஆனால் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.